லூப்புக்குள் லூப்: ஒரு பிளஸ் டூ மாணவி தடுமாறிய இடம்

பின்னணி

எங்கள் ஊர் வாசகசாலை மாடியில் சனிக்கிழமை மாலைகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லித் தருகிறேன். என் பிழைப்பு மென்பொருள் வேலை. ஆசிரியப் பயிற்சி எதுவும் எடுத்தவள் இல்லை. அந்த ஆண்டு ஜூனில் சேர்ந்தவர்கள் நான்கு பேர், கையில் இருந்த மடிக்கணினி இரண்டு. நான்கு பேரில் ஒரு மாணவியைப் பற்றியது இந்தக் குறிப்பு.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நிரல்மொழியாக 11ஆம் வகுப்புக்கு சி++, 12ஆம் வகுப்புக்கு பைத்தான். அதனால் என்னிடம் வரும்போதே ஃபார் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை, அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. தமிழ்வழி மாணவி, மடக்கு (லூப்), பின்னலான மடக்கு (லூப்புக்குள் லூப்) என்று பாடநூல் சொற்களையும் சரியாகச் சொல்வாள். கணக்கில் நல்ல மதிப்பெண். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நினைவாற்றலும் அதிகம். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குக் கண்கட்டாகப் போனது என்று பிறகு தெரிந்தது.

முதல் மூன்று வாரம்

எல்லோரும் தொடங்கும் இடத்தில்தான் நானும் தொடங்கினேன்: நட்சத்திரம். நான்குக்கு நான்கு சதுரம், அப்புறம் செங்கோண முக்கோணம், அப்புறம் தலைகீழ் முக்கோணம். மூன்றையும் மற்ற மூவரையும்விட வேகமாக முடித்தாள். பைத்தான் எழுதி ஓட்டும் ஐடில் மென்பொருளைத் திறந்து ஐந்து நிமிடத்தில் திரையில் வடிவம் வந்துவிடும். எனக்குத் திருப்தி. மூன்றாவது வாரமே "உனக்கு இது வந்துடுச்சு" என்று சொல்லியும்விட்டேன்.

நான்காவது வாரம் மின்சாரம் இல்லை. மடிக்கணினிகளிலும் சார்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல் நோட்டில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன். வெளி லூப்பில் ஐ என்ற மாறி (மதிப்பு மாறிக்கொண்டே வரும் பெயர்) 1 முதல் 3 வரை, உள் லூப்பில் ஜே என்ற மாறி 1 முதல் 3 வரை. உள்ளே இரண்டின் மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும். திரையில் என்ன வரும்?

அவள் எழுதிய விடை:

```
11
22
33
```

ஒன்பது ஜோடி வர வேண்டிய இடத்தில் மூன்று. ஏன் என்று கேட்டேன். "ஐ ஒண்ணு ஆகும்போது ஜேவும் ஒண்ணு, ஐ ரெண்டு ஆகும்போது ஜேவும் ரெண்டு. ரெண்டும் சேர்ந்துதானேக்கா போகும்?" என்றாள். அப்படியானால் சதுரத்தில் பதினாறு நட்சத்திரம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "அது பேட்டர்ன்க்கா. அப்படி எழுதினா சதுரம் வரும்" என்றாள்.

அந்தப் பதிலில் எல்லாம் இருந்தது. முந்தைய ஆண்டு சி++ ரெக்கார்டு நோட்டில் எழுதிய வடிவங்களை வரிக்கு வரி நினைவில் வைத்திருந்தாள். பைத்தானுக்கு மாறியதும் அதே வரிகளை பைத்தான் உடையில் எழுதினாள். லூப் எப்படி ஓடுகிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு வரவில்லை. மின்சாரம் இருந்திருந்தால் அன்றும் எனக்குத் தெரிந்திருக்காது.

கடிகாரம் என்ற தவறு

அடுத்து நான் செய்தது தவறு. லூப்புக்குள் லூப் என்றதும் எல்லோரும் சொல்லும் உதாரணத்தைச் சொன்னேன்: கடிகாரம். நிமிட முள் ஒரு சுற்று முழுக்கச் சுற்றினால்தான் மணி முள் ஒரு எண் நகரும். நிமிடம் உள் லூப், மணி வெளி லூப்.

வாசகசாலைச் சுவரில் முள் கடிகாரம் ஒன்று தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மணி அஞ்சரைக்கா. சின்ன முள்ளு அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கே?" என்றாள். சரிதானே. முள் கடிகாரத்தில் மணி முள் காத்திருப்பதில்லை, நிமிட முள்ளோடு சேர்ந்து ஊர்ந்துகொண்டே இருக்கும். "ரெண்டும் சேர்ந்து போகும்" என்ற அவளுடைய தவறான எண்ணத்துக்கு நானே ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். எண் காட்டும் டிஜிட்டல் கடிகாரமாக இருந்தால் உதாரணம் பொருந்தியிருக்கும். சுவரில் இருந்தது அது இல்லை.

நட்சத்திரத்தை நிறுத்திய முடிவு

வீட்டுக்குப் போய் யோசித்தபோது ஒன்று தெளிவானது. நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே முகம். பதினாறு நட்சத்திரம் திரையில் நின்றால், இதை வெளி லூப்பின் எந்தச் சுற்று போட்டது, உள் லூப்பின் எத்தனையாவது அடி போட்டது என்று சொல்ல அதில் எந்த அடையாளமும் இல்லை. வடிவம் சரியாக வந்துவிட்டால் உள்ளே நடந்தது மறைந்துவிடும். ஆகவே மூன்று முடிவுகள் எடுத்தேன்.

இரண்டு வாரத்துக்கு நட்சத்திரம் கிடையாது. நட்சத்திரம் வரும் இடத்திலெல்லாம் வரியின் எண்ணையும் இடத்தின் எண்ணையும் சேர்த்து அச்சிட வேண்டும். இரண்டாவது, முதலில் நோட்டில் விடை எழுதி என்னிடம் காட்டிய பிறகே மடிக்கணினியைத் திறக்கலாம்.

மூன்றாவது முடிவில் எனக்கே தயக்கம் இருந்தது. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஐ, ஜே என்ற எழுத்துகளுக்குப் பதிலாக வெளி லூப்புக்கு "வரி", உள் லூப்புக்கு "இடம்" என்று வைக்கச் சொன்னேன். பள்ளி ரெக்கார்டில் இப்படி எழுத முடியாது என்பது தெரியும். ஆனால் ஐ, ஜே இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று பட்டது. எழுதும்போதே "இது வரி, இது இடம்" என்று வாய் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கடிகாரத்துக்குப் பதில் வாய்ப்பாட்டை எடுத்தேன். இரண்டாம் வாய்ப்பாட்டை ஒன்று முதல் பன்னிரண்டு வரை சொல்லி முடித்துவிட்டு மூன்றாம் வாய்ப்பாட்டுக்குப் போனால் எங்கிருந்து தொடங்குவாய்? "ஒண்ணுல இருந்துதான்" என்றாள். பதின்மூன்றிலிருந்து ஏன் தொடங்கவில்லை? சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை இழுத்து எழுதினாள்:

```
11 12 13
21 22 23
31 32 33
```

முதல் எண் மூன்று தடவை அப்படியே நிற்கிறது, இரண்டாவது எண் ஒவ்வொரு வரியிலும் ஒன்றுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்புதலைக் கண்ணால் பார்த்ததுதான் திருப்பம் என்று நினைக்கிறேன்.

வெறும் பிரிண்ட் எங்கே நிற்கிறது

அடுத்த வாரம் முழுவதும் ஒரே ஒரு வரிக்குப் போனது. பைத்தானில் பிரிண்ட் என்ற அச்சிடும் கட்டளை தானாகவே அடுத்த வரிக்கு இறங்கிவிடும். ஒரே வரியில் தொடர்ந்து அச்சிட வேண்டுமானால் முடிவில் இடைவெளி மட்டும் போடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். வரி முடிந்ததும் கீழே இறக்க, உள்ளே எதுவும் இல்லாத வெறும் பிரிண்ட் ஒன்று தேவை. அந்த வெறும் பிரிண்ட் எத்தனை இடைவெளி தள்ளி நிற்கிறது என்பதை வைத்தே எல்லாம் மாறும். சி++இல் நெளிவு அடைப்புக்குறி காட்டும் எல்லையை பைத்தானில் இடைவெளிதான் காட்டுகிறது.

மூன்று இடத்திலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். உள் லூப்புக்குள்ளே வைத்தால் ஒன்பது ஜோடியும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. உள் லூப்பின் நேர்கோட்டில் வைத்தால் மூன்று வரி. வெளி லூப்புக்கும் வெளியே வைத்தால் ஒன்பதும் ஒரே வரியில் நீண்டன. இந்த மூன்றுக்கும் அவளே பெயர் வைத்தாள்: உள்ளே, பக்கத்தில், வாசலில். அதற்குப் பிறகு வடிவம் கோணலாக வந்தால் "பிரிண்ட் வாசலுக்குப் போயிடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

முக்கோணம் இதற்குப் பிறகு சுலபமாக வந்தது. உள் லூப்பின் முடிவு 3 என்று நிலையாக இல்லாமல் "வரி" வரை என்று மாறினால் போதும். லூப்புக்கு எண் வரிசை தரும் ரேஞ்ச் கடைசி எண்ணைத் தொடாது என்பதால் "வரி கூட்டல் 1" என்று எழுத வேண்டும். இதில் இரண்டு தடவை சறுக்கினாள். ஐந்து வரி முக்கோணத்தில் மொத்தம் எத்தனை தடவை அச்சாகும் என்று கேட்டபோது, ஓட்டிப் பார்க்காமலே 15 என்றாள். ஒன்று முதல் ஐந்து வரை கூட்டியிருக்கிறாள்.

கோலப்புள்ளி

ஆறாவது வாரம் கேள்வி அவளிடமிருந்து வந்தது. அவள் அம்மா வெள்ளிக்கிழமை போட்ட கோலத்தின் புள்ளிகளைத் திரையில் கொண்டுவர முடியுமா? 7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி. கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு: நடு வரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் இரண்டிரண்டாகக் குறைந்து 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. புரோகிராம் புத்தகங்களில் வைர வடிவம் என்று வருவதும் இதுதான்.

வீட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன் என்றாள். மேல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தாள். வர வேண்டியது இது:

```
   *
  ***
 *****
*******
```

வந்தது இது:

```
   ***
  *

*******
```

இதைப் பார்த்து நானும் ஒரு நிமிடம் விழித்தேன். கடைசி வரி மட்டும் சரி, மூன்றாவது வரி காலி. நிரலைப் பார்த்தால் கணக்கு எல்லாம் சரியாக இருந்தது. இடைவெளிக்கு "4 கழித்தல் ஐ", புள்ளிக்கு "இரண்டு பெருக்கல் ஐ கழித்தல் 1". ஆம், ஐ. ரெக்கார்டுக்கு ஆங்கில எழுத்துதானே வேண்டும் என்று தமிழ்ப் பெயர்களை விட்டுவிட்டு, மூன்று லூப்புக்கும் ஐ என்ற ஒரே பெயரைப் போட்டிருந்தாள்.

அவளுடைய பழைய நோட்டைப் புரட்டினேன். ஜூன் மாதம் எழுதிய சதுரம், முக்கோணம் இரண்டிலும் உள்ளும் வெளியும் ஐதான். அவை ஏன் சரியாக வந்தன? பைத்தானின் ஃபார் லூப் ஒவ்வொரு சுற்றிலும் தன் பட்டியலிலிருந்து அடுத்த மதிப்பை எடுத்து ஐயில் புதிதாக வைக்கும். உள் லூப் அதை எவ்வளவு கலைத்தாலும் வெளி லூப் அடுத்த சுற்றில் சரிசெய்துவிடும். முக்கோணத்தில்கூட, உள் லூப்பின் எல்லை அது தொடங்கும் முன்பே ஒரு முறை கணக்கிடப்பட்டுவிடுகிறது. சி++இல் ஐயை வெளியே ஒரே முறை அறிவித்துவிட்டு சதுரத்தை இப்படி எழுதியிருந்தால் ஒரு வரியோடு நின்றிருக்கும். தவறு அன்றே பிடிபட்டிருக்கும். பைத்தான் மன்னித்துக்கொண்டே வந்ததால் ஆறு வாரம் மறைந்திருந்தது.

கோலத்தில் உள் லூப் இரண்டு. முதலாவது இடைவெளி போடும். போட்டு முடிக்கும்போது ஐ மாறியிருக்கும். இரண்டாவது அந்த மாறிய ஐயை நம்பிப் புள்ளி போடும். நோட்டில் அடி அடியாக அவளையே எழுத வைத்தேன். முதல் வரியில் ஐ 1. இடைவெளி லூப் 0, 1, 2 என்று மூன்று அடி போய் ஐயை 2இல் விடுகிறது. இரண்டு பெருக்கல் 2 கழித்தல் 1, மூன்று புள்ளி. இரண்டாவது வரியில் ஐ 1இல் நிற்கிறது, ஒரு புள்ளி. மூன்றாவதில் 0இல் நிற்கிறது, கணக்கு கழித்தல் 1 ஆகி ஒன்றும் அச்சாகவில்லை. நான்காவதில் இடைவெளியே இல்லாததால் ஐயை யாரும் தொடவில்லை, ஏழு புள்ளி. நான்கு வரியும் நோட்டில் பொருந்தியபோது, "கம்ப்யூட்டர் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு" என்றாள். பெயர்களை வரி, இடைவெளி, புள்ளி என்று மாற்றினாள். மேல் பாதி வந்தது.

கீழ்ப் பாதியில் லூப்பைப் பின்னோக்கி ஓட்டாமல், 1 முதல் 3 வரை முன்னோக்கியே ஓட்டி, நான்கிலிருந்து கழித்துக்கொண்டாள். வரி 1க்கு 5 புள்ளி, 2க்கு 3, 3க்கு 1. நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு அங்கேயே விட்டேன்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கோலம் இந்தப் பாடத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும் உதாரணம் இல்லை. அவள் அம்மா நடுவில் இருக்கும் 7 புள்ளியை முதலில் வைத்துவிட்டு மேலே போய், பிறகு கீழே வருகிறார். திரை மேலிருந்து கீழே மட்டும்தான் போகும், ஏறாது. வாசலில் வெறுமனே விட்டுவிடும் இடத்துக்குத் திரையில் இடைவெளி எழுத்தை அச்சிட்டே ஆக வேண்டும். இந்த இரண்டு வித்தியாசத்தையும் பேசியது, ஒற்றுமையைப் பேசியதைவிட அதிகம் உதவியது. கோலத்துக்கும் கணினி அறிவியலுக்கும் உள்ள உறவு பழையது. சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இலேயே கோலத்தை வைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னபோது அவள் அம்மாவுக்குத்தான் அதிக மகிழ்ச்சி என்று மறுவாரம் வந்து சொன்னாள்.

இடுக்குப் புள்ளியையும் அவளே முயன்றாள். 5 புள்ளி, 3 வரை: 3, 4, 5, 4, 3. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் ஒரு இடைவெளி சேர்த்தால் புள்ளிகள் தாமாகவே இடுக்கில் விழுந்தன.

விளைவு

எட்டாவது வாரம், அதுவரை காட்டாத ஒன்றைக் கொடுத்தேன்: ஐந்துக்கு ஐந்து சதுரம், ஓரம் மட்டும் நட்சத்திரம், நடுவே காலி. நோட்டில் முதலில் வரி எண், இட எண் எல்லாம் எழுதி, ஓரத்தில் இருப்பவற்றை வட்டமிட்டாள். பதினாறு வட்டம். வரி 1 அல்லது 5, இடம் 1 அல்லது 5 என்று நிபந்தனை எழுதி முதல் தடவையிலேயே முடித்தாள்.

அதே மாதம் பள்ளித் தேர்வில் வடிவக் கேள்வியில் மதிப்பெண் போனது. கேட்டது இது:

```
5 4 3 2 1
5 4 3 2
5 4 3
5 4
5
```

உள் லூப்பைப் பின்னோக்கி ஓட்ட வேண்டிய இடத்தில் ரேஞ்சுக்கு மூன்றாவது எண்ணாகக் கழித்தல் 1 கொடுக்க விட்டுவிட்டாள். கோலத்தின் கீழ்ப் பாதியில் நான் பாராட்டிவிட்டுக் கடந்த இடம் இதுதான். பின்னோக்கி எண்ணுவதை நான் சொல்லித் தரவே இல்லை.

அன்று மாலை வீட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, திரை காலி. சனிக்கிழமை வந்ததும், "அஞ்சு வெத்து வரி வந்துச்சுக்கா. அப்போ வெளி லூப் அஞ்சு தடவை சரியா ஓடியிருக்கு. உள் லூப்தான் ஒரு தடவைகூட உள்ளே போகல" என்றாள். விடைத்தாளில் போன மதிப்பெண்ணைப் பற்றி வருத்தம் இருந்தது, சொல்லவும் செய்தாள். ஆனால் ஜூனில் "அப்படி எழுதினா வரும்" என்றவள் காலித் திரையைப் பார்த்து இவ்வளவு சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொரு விளைவையும் மறைக்க முடியாது. நோட்டில் எழுதிய பிறகே கணினி என்ற விதி நான்கு பேருக்கும் போட்டது. அதில் ஒரு மாணவனுக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தான், மூன்றாவது வாரம் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டபோது "போர் அடிக்குது" என்றான். அவன் சொன்னது நியாயம்.

மாற்றிக்கொள்வது

அடுத்த குழுவுக்கு முதல் நாளே அந்த மூன்றுக்கு மூன்று கேள்வியை நோட்டில் கொடுத்துவிட உத்தேசம். 11, 22, 33 என்று எழுதுகிறவர்களுக்கு மட்டும் எண் அச்சிடும் இரண்டு வாரம். ஒன்பதையும் எழுதுகிறவர்கள் நேரே கோலத்துக்குப் போகலாம். இடைவெளி, புள்ளி என்று உள் லூப் இரண்டு வரும் வடிவத்தை ஆறாவது வாரம் வரை தள்ளிப்போட மாட்டேன். பெயர் மோதல் அதில்தான் வெளியே வருகிறது. பின்னோக்கி ஓடும் ரேஞ்ச், முக்கோணத்தோடு சேர்த்தே.

வேலையில் இத்தனை ஆண்டுகளில் ஒரு வைர வடிவத்தைக்கூட நான் அச்சிட்டதில்லை. ஆனால் வரிசையும் பத்தியுமாக வரும் எந்த அறிக்கையை எடுத்தாலும் அடியில் இருப்பது இதே இரண்டு லூப். அதனால் வடிவங்களை விட்டுவிட மனமில்லை. நட்சத்திரம் மட்டும் மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான். சுவரில் அந்த முள் கடிகாரம் இன்னும் இருக்கிறது. நான் அதைக் கை காட்டுவதில்லை.